மணலில் ஒரு மேட்டுப்பாத்தி
பாலாவி முதல் கற்பிட்டி வரை



புத்தளத்திலிருந்து கொழும்பு வீதியால் தெற்கே வந்தால், சில கிலோமீற்றர் தூரத்திலேயே பாலாவிச் சந்தி எதிர்ப்படும். அங்கே வலப்புறம் திரும்பும் வீதிதான் கற்பிட்டி வீதி. சுமார் 40 கிலோமீற்றர் தூரம் செல்லும் அந்த வீதியின் பெரும் பகுதியில் ஒரு புறம் புத்தளக் களப்பு, மறு புறம் இந்து சமுத்திரம். நடுவே கிடப்பது மணல். தென்னை, பனை, புகையிலைத் தோட்டம், மிளகாய்த் தோட்டம், சின்ன வெங்காயப் பாத்திகள், இவற்றுக்கிடையே கிடுகு வேலிகளும் சீமெந்துக் கல் வீடுகளும். இந்த வழியில் போகிறவர்கள் கடற்கரையையும் டொல்பின் மீன்களையும் பார்க்கப் போகிறார்கள். நான் உங்களை அழைத்துச் செல்லப்போவது அங்கல்ல, வீடுகளின் பின்வளவுக்கு. குசினிக் கதவுக்கும் கிணற்றுக்கும் இடையில் இப்பகுதிப் பெண்கள் அமைத்திருக்கும் மேட்டுப்பாத்திகளைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

இப்பகுதிக்கு மிகப் பழைய வரலாறு ஒன்றுண்டு. இப்னு பதூதா அவர்கள் 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து இறங்கிய பத்தாலா என்ற பட்டினம் இன்றைய புத்தளமே என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கொள்கிறார்கள். அப்பட்டினத்தைச் சுற்றி மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் இருந்தன என்றும், ஆறுகள் அடித்து வந்த கறுவா மரத்துண்டுகள் கரையெங்கும் குவிந்து கிடந்தன என்றும் அவர் தம் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். கைக்கெட்டிய பொருளைக் கொண்டு மதில் கட்டுவது இம்மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்காகவே இதைச் சொன்னேன். பின்னர் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டியபோது அவர்களும் இங்கு கிடைத்த முருகைக்கல்லையும் சுண்ணக்கல்லையும்தான் பயன்படுத்தினார்கள்.

இன்னொரு வரலாறு நம் காலத்தில் நடந்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிலிருந்து வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அண்ணளவாக 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் இந்தப் புத்தளம் மாவட்டமே. ஓலைக் கொட்டிலில் தொடங்கிய வாழ்க்கை, பிறகு பத்துப் பேர்ச் காணி, பிறகு ஒரு கல்வீடு என்று வளர்ந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பின் சிலர் ஊர் திரும்பினார்கள். சிலர் இரண்டு இடத்திலும் கால் வைத்திருக்கிறார்கள். பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரு பாத்தியை எதைக் கொண்டு கட்டுவது என்ற சின்னக் கேள்விக்குள் இந்தப் பெரிய விஷயமும் வந்து நிற்பதை நீங்களே போகப்போகக் காண்பீர்கள்.

ஏன் மேட்டுப்பாத்தி?

இங்குள்ள மண் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஒரு வாளி ஊற்றினால் மணல் குடித்துவிட்டுக் கையை விரிக்கும். போட்ட உரமும் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். அப்படி இறங்கிய உரம் போய்ச் சேருமிடம் எது? நாம் குடிக்கும் கிணறு. கற்பிட்டிக் குடாநாட்டில் நன்னீர் மணலுக்கடியில், உப்பு நீருக்கு மேலே, ஒரு மெல்லிய படையாகவே மிதந்து கிடக்கிறது. தோட்டங்களுக்கு அளவுக்கு மிஞ்சி இட்ட உரத்தால் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல தடவை கண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரைப் பால்மாவுக்குக் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இது பல தாய்மாருக்குத் தெரியாத விஷயம்.

களப்பை அண்டிய வளவுகளில் இன்னொரு தொல்லை உப்பு. கோடையில் நிலத்தடி உப்பு மேலே ஏறி மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்காகப் படியும். போஞ்சியும் வெங்காயமும் அதைத் தாங்க மாட்டா. மார்கழி மழைக்கோ தாழ்ந்த வளவுகளில் வெள்ளம் நிற்கும்.

ஆகவே, நல்ல மண்ணையும் எருவையும் ஒரு கட்டுக்குள் வைத்து, வேர் உப்புக்கும் வெள்ளத்துக்கும் எட்டாமல் உயர்த்தி, அளவாக நீர் விடுவதே புத்தி. அதற்காக எல்லா வளவுக்கும் உயரம் வேண்டும் என்பதில்லை. உப்பும் வெள்ளமும் இல்லாத வறண்ட மேட்டு மணலில் உயரப் பாத்தி சீக்கிரம் காய்ந்துவிடும். அங்கே நிலத்தை ஓரடி தோண்டிப் பொச்சுமட்டை பரப்பி, மண் நிரப்பி, நில மட்டத்திலேயே நடுவது மேல். முதலில் உங்கள் வளவு எந்த வகை என்று பாருங்கள். பொருளைத் தேடுவது அதன் பிறகு.

பாலாவியில்: சீமெந்துக் கல்

பாலாவியில் சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அதற்கான சுண்ணக்கல் புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டிலிருந்து வருகிறது. வீதியோரங்களில் கல்லறுக்கும் வாடிகளைக் காணலாம். இங்கு சாதாரணமாக விற்கப்படும் கல் 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் உடையது. அகலம் 4 அங்குலமோ 6 அங்குலமோ இருக்கும்.

எட்டடி நீளம், நாலடி அகலமான ஒரு பாத்திக்கு ஒரு வரி வைக்க 18 முதல் 20 கல் போதும். நாலடிக்கு மேல் அகலம் வேண்டாம். இரு புறமும் நின்று நடுவைத் தொட முடியவேண்டும். ஒரு வரியின் உயரமான 8 அங்குலம் கீரைக்கும் வெங்காயத்துக்கும் போதுமானது. கத்தரி, தக்காளி, மிளகாய்க்கும், குனிய முடியாத உம்மம்மாமாருக்கும் இரண்டு வரி வைக்கலாம். கீழ்வரியை இரண்டு அங்குலம் மணலில் புதைத்தால் சரியாது. சாந்து பூச வேண்டியதில்லை. கல்லை அடுக்கினாலே போதும்.

சீமெந்துக் கல்லால் உணவுக்குக் கெடுதி உண்டா என்று பல சகோதரிகள் கேட்கிறார்கள். சாதாரணக் கல்லால் அச்சமில்லை. புதுக் கல்லிலிருந்து சுண்ணாம்பு சிறிது கசிந்து ஓரத்து மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும், அவ்வளவுதான். கல்லை வாங்கி இரண்டு கிழமை மழையிலோ தண்ணீரிலோ நனைய விட்டு அடுக்குங்கள். சிப்பி கலந்த கடற்கரை மண் ஏற்கெனவே காரமானது. ஆகையால் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டாதீர்கள். துவாரமுள்ள கல்லாயின் அந்தத் துவாரங்களை மண்ணால் நிரப்பிவிடுங்கள். வெறுமையாக விட்டால் மழைநீர் தேங்கி டெங்கு நுளம்புக்கு அது தொட்டிலாகும். மண் நிரப்பிய துவாரத்தில் மல்லியோ புதினாவோ நட்டால் அதுவும் ஒரு பயன்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சீமெந்து விலை ஏறியதையும், அதற்கு முந்திய ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் மரக்கறி விலை போன போக்கையும் நாம் மறக்கவில்லை. அப்போதுதான் பல வீடுகளில் பின்வளவைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபது கல்லை ஒரே தடவையில் வாங்க முடியாத வீடுகள் அதிகம். அவர்களுக்காகவே மற்றப் பொருட்களைப் பார்ப்போம்.

நுரைச்சோலையில்: வேண்டாத சாம்பல்

இவ்வீதியில் மேலும் சென்றால் நுரைச்சோலை. 2011இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தூரத்திலேயே தெரியும். நிலக்கரி எரிந்த சாம்பல் சீமெந்து உற்பத்திக்கும் கல் அறுக்கவும் பயன்படுகிறது. இறுகிக் கல்லான சாம்பல் வேறு. பொடியாக இருக்கும் சாம்பல் வேறு. நிலக்கரிச் சாம்பலில் ஆசனிக்கு, ஈயம் முதலிய நச்சு உலோகங்கள் உண்டு. யாராவது "இலவசம்தானே, பாத்தியை நிரப்ப நல்லது" என்று ஒரு மூட்டை கொடுத்தால் வாங்காதீர்கள். விறகுச் சாம்பலையும் நிலக்கரிச் சாம்பலையும் ஒன்றென்று நினைத்துவிடக்கூடாது.

ஆலங்குடாவில்: தென்னையும் பனையும்

ஆலங்குடாப் பக்கம் ஒரு வளவில் நான்கு பாத்திகள் கண்டேன். நான்கும் தென்னங்குற்றிகளால் கட்டப்பட்டவை. அந்த வீட்டு மூதாட்டி மன்னார்ப் பக்கத்தவர். "எத்தனை காலம் நிற்கும் உம்மா?" என்று கேட்டேன். "ரெண்டு மூணு வருஷம் நிக்கும் மௌலவி. பொறகு உக்கிப் பசளையாப் போயிடும். அதுக்குள்ள இன்னொரு மரம் விழாமயா போகும்?" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. தென்னங்குற்றியின் வெளிப்புறம் வைரம், உள்ளே மென்மை. ஈரநிலத்தில் கிடந்தால் உள்ளே உக்கும், கறையானும் ஏறும். விலையோ மிகக் குறைவு, நச்சு ஒன்றுமில்லை. அடிமரத் துண்டைத் தேர்ந்து, வைரப் பக்கத்தை மண் பக்கமாக வைத்தால் இன்னும் சில காலம் நிற்கும்.

பனை இதைவிட உறுதி. கறுத்து முற்றிய பனஞ்சலாகையைக் கறையான் இலேசில் தொடாது. பழைய வீட்டுக் கூரை பிரிக்கும்போது கழிக்கப்படும் சலாகைகள் பாத்தி கட்ட மிக உகந்தவை. அதற்காக நிற்கும் பனையை வெட்டவேண்டாம்; பனை தறிக்கச் சட்டப்படி அனுமதி தேவை. களப்போரத்துக் கண்டல் தடிகளையும் அப்படியே விட்டுவிடுங்கள். கண்டல் நிற்கும் வரைதான் களப்பில் இறாலும் மீனும் இருக்கும். கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பதும் தடை செய்யப்பட்ட காரியமே.

செலவே இல்லாத வழி ஒன்றுண்டு. சீமைக்கிளுவைத் தடிகளை ஓரடிக்கு ஒன்றாக ஊன்றி, தென்னை மட்டையின் நார்ப்பகுதியைக் கீறி இடையிடையே பின்னுவது. பச்சைத் தடி என்பதால் அது வேர்விட்டுத் துளிர்க்கும். கிழமைக்கொரு தடவை குழையை ஒடித்துப் பாத்தியிலேயே போட்டால் பசளை. பின்னல் ஒரு வருடத்தில் போனாலும் தடி நிற்கும். ஏழை வீட்டுக்கு இதைவிட நல்ல வேலியை நான் அறியேன்.

பழைய ஓட்டுக்கும் குறை சொல்ல முடியாது. வைக்கால் பக்கத்துச் சூளைகளில் சுட்ட மண் ஓடுகள் இந்த மாவட்டமெங்கும் கூரையில் இருக்கின்றன. உடைந்த ஓடுகளைப் பாதி புதைத்து நிறுத்தி வைத்தால் தாழ்ந்த பாத்திக்கு அழகான கரை. நன்றாகச் சுட்ட செங்கல்லும் அப்படியே. அரைகுறையாக வெந்த செங்கல்லை மட்டும் தவிர்க்கவேண்டும். உப்பு நிலத்தில் அது பொரிந்து உதிர்ந்துவிடும்.

இவற்றைத் தொடாதீர்கள்

இந்தப் பயணத்தில் என் மனதைச் சங்கடப்படுத்திய காட்சி ஒன்று, பல வளவுகளில் பாத்திக் கரையாக நிறுத்தியிருந்த உடைந்த அஸ்பெஸ்டஸ் சீட். நம் நாட்டில் வீட்டுக்கு வீடு அந்தக் கூரைதான். உடையாமல் கூரையில் இருக்கும்போது ஆபத்து குறைவு. உடைத்து, நறுக்கி, மண்ணில் நிறுத்தி, மண்வெட்டியால் தட்டும்போது கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் பறக்கின்றன. அவை நெஞ்சுக்குள் போனால் வெளியே வருவதில்லை. இருபது, முப்பது வருடங்களுக்குப் பிறகு நுரையீரல் புற்றுநோயாகவோ நுரையீரல் உறையின் புற்றுநோயாகவோ அது வெளிப்படலாம். அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை ஏற்படுத்துவன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இன்று பாத்திக் கரையில் மண் அளைந்து விளையாடும் பிள்ளைக்கு அப்போது என்ன வயது என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வளவில் அது இருந்தால் பதற வேண்டியதில்லை. காய்ந்த நிலையில் பிடுங்காதீர்கள். முதலில் தண்ணீர் தெளித்து நன்றாக நனையுங்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, உடைக்காமல் எடுத்து, தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றிக் கட்டுங்கள். ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். சிதறிய துகளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து அந்தத் துணியையும் அதனோடு கட்டுங்கள். பிறகு அதை எங்கே ஒப்படைப்பது என்று பிரதேச சபையில் கேளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பழைய தந்திக்கம்பம், மின்கம்பம், பச்சைச் சாயலோடு இருக்கும் மருந்தேற்றிய தடிகள்: செம்பு, குரோமியம், ஆசனிக்கு கலந்த மருந்து ஏற்றப்பட்டவையாக இருக்கலாம். இவற்றை எரித்துச் சமைப்பது இன்னும் கேடு. ஆசனிக்கு சாம்பலிலும் தங்கும், புகையிலும் போகும்.

ரயில் சிலிப்பர் கட்டை: தார் நாற்றம் வீசினால் அது கிரியோசோற்று எண்ணெய். உணவுப் பயிருக்கு அருகே வேண்டாம்.

பழைய கதவு, யன்னல் நிலை: பலகை நல்லதுதான். ஆனால் பழைய மையில் ஈயம் இருக்கக்கூடும். மை உரிந்து மண்ணில் விழுந்தால் கீரையோடும் கிழங்கோடும் ஒட்டி வரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். மை பூசாத பலகையைத் தேடுங்கள்.

டயர்: வெயிலில் வெடித்து உதிரும். அதிலுள்ள நாகமும் எண்ணெய்ப் பொருட்களும் மண்ணில் சேரும். டெங்கு நுளம்புக்கும் அது விருப்பமான வீடு.

பீப்பாய், வாளி, கேன்: முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். கிருமிநாசினி இருந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் அது உணவுக்கு ஆகாது.

உரப்பை: கீரைக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஒன்றிரண்டு போகத்தில் வெயிலுக்கு நார் நாராகக் கிழிந்து மண்ணெல்லாம் பரவும். அதற்கு முன்பே மாற்றிவிடவேண்டும்.

தகரம்: மண்ணுக்குக் கெடுதி குறைவு. கடற்காற்றில் துருவேறிய விளிம்பு பிள்ளைகளின் காலைக் கிழிக்கும். விளிம்பை மடித்து அடித்தால் வைக்கலாம்.

யாருடைய கல்?

ஏத்தாளைக்கு அப்பால் ஒரு வீட்டில் சொன்ன செய்தியையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அயலில் ஒரு வீடு ஆளில்லாமல் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. மதில் இடிந்து கற்கள் சிதறிக் கிடக்கின்றன. "எடுத்து வையுங்க, கேட்க ஆளில்லத்தானே" என்று அயலவர்கள் சொன்னார்களாம். அந்தச் சகோதரி மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம் இது: "நாங்க தொண்ணூறுல வெளிக்கிட்டுப் பொறகு ஊருக்குப் போய்ப் பாத்தம் மௌலவி. சுவர் மட்டும் நிண்டிச்சு. ஓடு இல்ல, நிலை இல்ல, கிணத்துக் கட்டுக் கல்லும் இல்ல. எடுத்தவங்களும் கேட்க ஆளில்லத்தானேண்டுதான் எடுத்திருப்பாங்க."

அவர் அந்த வீட்டுக்காரரின் உறவினர் ஒருவரைத் தேடிப் பிடித்து, தொலைபேசியில் பேசி, அனுமதி பெற்று, ஒரு தொகையும் கொடுத்த பிறகே முப்பது கற்களை எடுத்தார். பொருள் பாதுகாப்பானதா என்று கேட்கும்போது அதில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கிறோம். அது நமக்கு ஆகுமானதா என்பதையும் அதே இடத்தில் நின்று பார்த்துக்கொள்வோம்.

எதைக் கொண்டு நிரப்புவது?

கட்டு எவ்வளவு நல்லதாயினும் உள்ளே மணலையே கொட்டினால் பயனில்லை. எட்டடிக்கு நாலடிப் பாத்தி 8 அங்குல உயரத்துக்கு ஏறத்தாழ 21 கன அடி மண் கொள்ளும். லொறிக்காரர் ஒரு கியூப் என்று சொல்வது 100 கன அடி. அதாவது ஒரு கியூப்பில் நான்கு பாத்திக்கு மேல் நிரப்பலாம். நாலு வீட்டார் சேர்ந்து ஒரு லொறி இறக்கினால் செலவு நாலில் ஒன்றாகும். வண்ணாத்திவில்லுப் பக்கத்துச் செம்மண் இந்த மணலோடு சேர நல்லது.

அடியில் பொச்சுமட்டைகளைக் குழிந்த பக்கம் மேலாக நெருக்கி அடுக்குங்கள். நமது தென்னந்தோட்டக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். மட்டை பஞ்சு போல் நீரைப் பிடித்து வைக்கும். அதன் மேல் காய்ந்த இலை, சீமைக்கிளுவைக் குழை. பிறகு மண்ணும் உக்கிய ஆட்டெருவோ மாட்டெருவோ பாதிக்குப் பாதி. பச்சைக் கோழியெருவை அப்படியே போடவேண்டாம். செடியும் கருகும், மிச்சம் கிணற்றுக்கும் இறங்கும். தும்புத்தூள் வாங்கினால் களப்பு நீரில் ஊறிய மட்டையின் தூளா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை நன்னீரில் அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். கடல் மணல் எந்தக் காரணத்துக்கும் ஆகாது. பாத்தியையும் எருக்குழியையும் கிணற்றிலிருந்து இயன்றளவு எட்டியே வையுங்கள்.

மலிவு எது?

கடைசியாகக் கணக்குக்கு வருவோம். மலிவு என்பது வாங்கும் நாளின் விலை மட்டுமல்ல. விலையை அது நிற்கும் வருடங்களால் பிரித்துப் பாருங்கள். தென்னங்குற்றிப் பாத்திக்கு 1,500 ரூபாய் செலவாகி அது மூன்று வருடம் நின்றால் வருடத்துக்கு 500. கல்லுக்கு அதைப் போல் மூன்று மடங்கு, 4,500 ரூபாய் கொடுத்து அது பதினைந்து வருடம் நின்றால் வருடத்துக்கு 300. இது ஓர் உதாரணமே. உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் இந்தப் பகுதியில் இக்கணக்கு அவ்வளவு இலகுவானதல்ல. பதினைந்து வருடம் இங்கேயே இருப்போமா என்று தெரிந்தால்தானே பதினைந்தால் பிரிக்கலாம்? "கல்லுல கட்டினா இதுதான் ஊரெண்டு ஒத்துக்கிட்ட மாதிரி" என்று ஒரு ராத்தா சொன்னார். அவருடைய மகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணமுடித்தவள். அவள் உடனே, "உம்மா, எனக்கு இதுதானே ஊர்" என்றாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் சொன்னதும் உண்மைதான். அதற்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

அவர்கள் செய்த ஏற்பாட்டை மட்டும் சொல்கிறேன். சாந்து போடாமல் கல்லை அடுக்கினார்கள். மன்னாருக்குப் போவதென்று முடிவானால் கல்லை லொறியில் ஏற்றலாம். போகாவிட்டால் அது அங்கேயே நிற்கும். கல் முழுவதையும் ஒரே நாளில் வாங்கவுமில்லை. முதல் வருடம் ஒரு பாத்திக்கு ஒரு வரி. மற்ற இரண்டு பாத்தி தென்னங்குற்றி. குற்றி உக்க உக்க, கீரை விற்ற காசில் கல் வாங்கி மாற்றுகிறார்கள். நான் போனபோது இரண்டாவது பாத்திக்குப் பன்னிரண்டு கல் சேர்ந்திருந்தது. கிணற்றடியில் அடுக்கி, மழையில் நனைய விட்டிருந்தார்கள்.

உங்களுக்கும் இதையே சொல்வேன். ஒரு பாத்தியோடு தொடங்குங்கள். அஸ்பெஸ்டஸ், மருந்தேற்றிய தடி, மை உரியும் பலகை, டயர் இந்த நான்கையும் வளவுக்குள் எடுக்காதீர்கள். கையில் காசிருந்தால் கல். இல்லாவிட்டால் தென்னங்குற்றியோ ஓடோ. அதுவும் இல்லாவிட்டால் சீமைக்கிளுவைத் தடி. அடுத்தவருடையது என்றால் கேட்டு எடுங்கள். முதற் போகத்துக்கு முளைக்கீரையும் கங்குனும் போதும். ஒரு மாதத்துக்குள் சட்டிக்கு வரும். அதில் ஒரு பிடியை அயல் வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள்.